கரைக்குக் காசு எங்கே?

ஏரி, கண்மாய், மேய்ச்சல் நிலம், காடு... ஊருக்கே சொந்தமான நிலத்தைப் பார்த்துக்கொள்ள அரசு ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டும். ஏன்?

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை இரவு. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய எக்ஸ்பிரஸ் ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நிறுத்தப்பட்டது. அதற்கு மேல் போகப் பாதை இல்லை. தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துப் போய்விட்டது. தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. பெட்டிகளுக்குள் ஏறத்தாழ 800 பயணிகள். குழந்தைகள், வயதானவர்கள், முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிய குடும்பங்கள். விடிந்ததும் ஜன்னல் வழியே பார்த்தால் நாலாபுறமும் தண்ணீர். பக்கத்து ஊரான புதுக்குடி மக்கள், தங்கள் ஊரையும் வெள்ளம் சூழ்ந்திருந்த நிலையிலும், அரிசி சேர்த்துச் சோறாக்கிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிறகுதான் ஹெலிகாப்டரும் மீட்புப் படையும் வந்து சேர்ந்தன.

அந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்த மழை 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையைவிட அதிகம். தூத்துக்குடி நகரின் விளிம்பில் கோரம்பள்ளம் குளம் உடைந்தது. நகரின் தெருக்களில் கழுத்தளவுக்குத் தண்ணீர் ஏறியது. தாமிரபரணியின் கடைமடைப் பகுதியில் வாழையும் நெல்லும் வெள்ளத்துக்கு அடியில் கிடந்தன.

இவ்வளவு பெரிய மழையை எந்தக் கரைதான் தாங்கும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு தாமிரபரணிக் கரை ஊர்களில் எழுந்த கேள்விகள் வேறு. கரை எத்தனை ஆண்டுகளாகப் பலப்படுத்தப்படாமல் கிடந்தது? உபரித் தண்ணீர் வெளியேறும் மறுகால் ஏன் அடைபட்டிருந்தது? ஓடை ஏன் முள்ளுக்காடாக இருந்தது? மழையின் அளவு நம் கையில் இல்லை. இந்த மூன்றும் நம் கையில் இருந்தவை.

ஒன்று உடைந்தால் வரிசையாக

வட மாவட்டங்களில் ஏரி. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கண்மாய். திருநெல்வேலிச் சீமையில் குளம். எந்தப் பெயரில் இருந்தாலும் உறுப்புகள் ஒன்றுதான். தண்ணீரைக் கொண்டுவரும் வரத்துக்கால். தேக்கி நிறுத்தும் கரை. வயலுக்குத் திறந்துவிடும் மடை. நிரம்பிய பின் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் கலுங்கு. அந்தக் கலுங்கில் வழியும் தண்ணீர்தான் அடுத்த ஊர்க் கண்மாய்க்கு வரத்து. இப்படி மேலிருந்து கீழாக ஊர் ஊராகக் கோத்துக்கொண்டு போகும் சங்கிலி இது.

சங்கிலியின் பலம் இதில்தான் இருக்கிறது, ஆபத்தும் இதில்தான். மேலே ஒரு கண்மாய் உடைந்தால், மொத்தத் தண்ணீரும் ஒரே மூச்சில் கீழே இருக்கிற கண்மாய்க்குள் பாயும். அதன் கலுங்கு எவ்வளவு அகலமாக இருந்தாலும் அந்த வேகத்தை வெளியேற்ற முடியாது. அது உடையும். பிறகு அடுத்தது. வரத்துக்கால் தூர்ந்திருந்தால் கதை வேறு விதமாகக் கெடும்: மழை பெய்தும் கண்மாய் நிரம்பாது, தண்ணீர் ஊருக்குள் புகுந்து வீணாகும், தை மாதத்தில் பயிர் கருகும். வெள்ளமும் வறட்சியும் ஒரே ஊரில் ஒரே ஆண்டில் வருவது இப்படித்தான்.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டம் 19-ம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. மற்ற ஏழும் அதற்கும் முந்தையவை. ஸ்ரீவைகுண்டம் அணையில் பல தலைமுறை மணலும் சேறும் சேர்ந்து மேடிட்டுக் கிடந்ததைத் தூர்வாரச் சொல்லி உத்தரவு வாங்க, 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது. ஓர் அணையில் சேறு அள்ளுவது வழக்கமான வேலை. அதற்கு வழக்கு போட வேண்டிய நிலை வந்ததென்றால், வழக்கமான வேலைக்கு வழக்கமான பணம் இல்லை என்றுதான் பொருள்.

■ எண்களில்

• தமிழ்நாட்டில் உள்ள ஏரி, குளம், கண்மாய்கள்: ஏறத்தாழ 41,000. இவற்றில் 14,000-க்கும் மேற்பட்டவை நீர்வளத் துறையிடம். 40 ஹெக்டேருக்குக் குறைவான பாசன நிலம் (ஆயக்கட்டு) கொண்டவை பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியங்களிடம்.

• ஊருணி, குட்டை, கோயில் குளம் எல்லாவற்றையும் சேர்த்து மத்திய அரசு 2023-ல் வெளியிட்ட நீர்நிலைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எண்ணிக்கை 1,06,957. ஆக்கிரமிப்பில் இருப்பதாகப் பதிவானவை 8,366. உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம்.

• 2024-25 பட்ஜெட்டில் 5,000 சிறுபாசன ஏரிகளைப் புனரமைக்க அறிவித்த தொகை ரூ.500 கோடி. ஏரிக்குச் சராசரியாக ரூ.10 லட்சம்.

வாரியமும் ஏரிப்பட்டியும்

உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குடவோலைத் தேர்தலுக்காக எல்லோரும் பேசுகிறோம். முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டில் இன்னொரு செய்தியும் உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அமர்ந்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஆண்டுக்கு ஒரு குழு; அதன் பொறுப்பு ஏரி. சோழர், பாண்டியர் காலத்தில் ஏரியின் பராமரிப்புக்கென்றே நிலம் ஒதுக்கி வைத்தார்கள். ஏரிப்பட்டி என்ற அந்த நிலத்தின் விளைச்சல் வேறு எதற்கும் போகக் கூடாது. பிற்காலத்திலும் களத்துமேட்டில் நெல்லைப் பங்கு பிரிக்கும் முன்பே ஏரிக்கும், மடை பார்க்கும் நீர்பாய்ச்சிக்கும் ஒரு பங்கு எடுத்து வைக்கும் வழக்கம் இருந்தது.

வெள்ளைக்காரர்கள் நிலவரியை முழுதாக வாங்கிக்கொண்டார்கள். மராமத்தை மட்டும் ஊர் தலையில் விட்டார்கள். 1858-ல் கட்டாய உழைப்புச் சட்டமே போட்டார்கள். பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, 1880-களில், ஏரிகளைச் சீரமைக்கத் தனித் திட்டம் வந்தது. சுதந்திரத்துக்குப் பின் ஏரிகள் பொதுப்பணித் துறைக்கும் ஒன்றியங்களுக்கும் போயின. வருமானம் அரசுக் கணக்குக்குப் போனது; ஏரிக்கென்று தனியாக எடுத்து வைக்கும் பங்கு மட்டும் திரும்ப வரவே இல்லை.

திட்டம் வரும், போகும்

பணமே வரவில்லை என்று சொல்ல முடியாது. உலக வங்கிக் கடனில் 2007-ல் தொடங்கிய நீர்வள நிலவளத் திட்டத்தின் மதிப்பு ரூ.2,547 கோடி. அதைத் தொடர்ந்து வந்த நவீனமயமாக்கல் திட்டம் ரூ.2,962 கோடி; 4,778 ஏரிகள் அதன் பட்டியலில் இருந்தன. 2017-ல் குடிமராமத்து என்ற பழைய பெயரில் முதற்கட்டமாக ரூ.100 கோடியில் 1,519 வேலைகள். 2019-20-ல் அதே பெயரில் ஏறத்தாழ ரூ.500 கோடியில் 1,829 வேலைகள்.

இவற்றால் நன்மை நடந்தது. பல கண்மாய்களில் புது மடை வந்தது, கரை உயர்ந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு பொது குணம் உண்டு: தொடக்க விழாவும் முடிவுத் தேதியும் இருக்கும். புது ஷட்டருக்கு அடுத்த ஆண்டு கிரீஸ் போட, கலுங்குச் சுவரின் விரிசலில் சிமென்ட் பூச, கரையில் எலி பறித்த வளையை அடைக்க, வரத்துக்காலில் முளைத்த கருவேலங்கன்றைப் பிடுங்க அந்தத் திட்டத்தில் இடம் இல்லை. ஓட்டு வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஐப்பசிக்கு முன் நாலு ஓடு மாற்றாவிட்டால், பத்து ஆண்டில் உத்தரத்தையே மாற்ற வேண்டிவரும். நாம் ஏரிகளில் ஓடு மாற்றுவதே இல்லை. உத்தரம் உளுத்த பிறகு கடன் வாங்குகிறோம்.

ஆழப்படுத்துவதிலும் ஒரு கோளாறு நடக்கிறது. அளந்து கணக்குக் காட்ட எளிது என்பதால் தூர்வாருதல் என்றாலே ஏரிக்குள் பொக்லைனை இறக்குவது என்றாகிவிட்டது. மடையின் மட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. கரையை ஒட்டித் தோண்டினால் கரையே பலவீனமாகும். மேலே படிந்த வண்டலை அளவாக எடுத்து வயலுக்குப் போடுவது நல்லது. தாசில்தார் அனுமதியோடு இலவசமாக எடுக்கவும் வழி உண்டு. வண்டல் என்ற பெயரில் அடிமண்ணையே லாரி லாரியாக விற்பது திருட்டு. மாவட்டந்தோறும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் திரும்பத் திரும்ப வரும் கோரிக்கை, வரத்துக்காலைத் தூர்வாருங்கள் என்பதுதான். அது நீளமான, அலுப்பான வேலை. பல ஊர் எல்லைகளைக் கடக்க வேண்டும். போட்டோவுக்கு அழகாக இருக்காது.

டெல்டா காட்டும் வழி

ஆண்டுதோறும் பணம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று காவிரி டெல்டாவிலேயே இருக்கிறது. மேட்டூர் திறக்கும் முன் ஆறு, வாய்க்கால், வடிகால்களைத் தூர்வார 2021-ல் ரூ.65 கோடியில் 4,061 கிலோமீட்டர், 2022-ல் ரூ.80 கோடியில் 4,964 கிலோமீட்டர், 2023-ல் ரூ.90 கோடியில் 4,773 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 2 லட்ச ரூபாய்கூட ஆகவில்லை. 2022-ல் மேட்டூர் மே மாதமே திறந்தது. அந்த ஆண்டு குறுவை 5 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. தண்ணீர் திறப்புக்குச் சில நாள் முன்புதான் பல இடங்களில் வேலை தொடங்கியது, அவசரத்தில் அரைகுறையாக முடிந்தது என்ற புகார்கள் இருந்தன. அவை சரி செய்யக்கூடியவை. ஆண்டுக்கொரு முறை வேலை நடக்கும் என்ற உறுதி இருந்தால்தான் புகார் சொல்லவும் இடம் இருக்கும்.

ராமநாதபுரம் மாவட்டம் ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று சொல்வார்கள். நாரையால்கூட ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத அகலமாம். இப்படிப்பட்ட கண்மாய்கள் உள்ள, மழையை நம்பியிருக்கும் வானம் பார்த்த சீமைக்கு டெல்டாவைப் போன்ற ஆண்டு ஒதுக்கீடு இன்னும் எட்டவில்லை.

கருவேலமும் உண்ணிச்செடியும்

வானம் பார்த்த அந்தச் சீமையில் சீமைக்கருவேலத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. கண்மாய்க்குள் மண்டிய கருவேலத்தை ஏலம் விடுகிறார்கள். ஏலம் எடுத்தவருக்கு வேண்டியது விறகும் கரியும். தரைக்கு மேலே வெட்டிக்கொண்டு போய்விடுகிறார். தூர் அப்படியே கிடக்கிறது. ஒரு மழையில் முன்பைவிட அடர்த்தியாகத் துளிர்க்கிறது. வேரோடு பிடுங்கி, அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகள் முளைக்கும் கன்றுகளையும் எடுத்தால்தான் ஒழியும். அந்த இரண்டாம், மூன்றாம் ஆண்டுக்குத்தான் யாரிடமும் பணம் இருப்பதில்லை.

மலையேறினாலும் இதே கதைதான். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச்செடியாக இந்தியாவுக்கு வந்தது உண்ணிச்செடி. இந்தியாவில் புலிகள் வாழும் காடுகளில் 1,54,000 சதுர கிலோமீட்டரை, அதாவது நாற்பது சதவீதத்துக்கும் மேல், இந்தச் செடி பிடித்துவிட்டது என்று 2020-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. இது படர்ந்த இடத்தில் புல் முளைக்காது. புல் இல்லாவிட்டால் மானுக்கும் காட்டெருமைக்கும் தீனி இல்லை. யானை வயல் பக்கம் இறங்குகிறது, பயிர் அழிகிறது, மனித உயிரும் போகிறது. முதுமலையில் மஞ்சள் பூப்பூக்கும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் மரங்களை வெட்டி அகற்ற அரசின் காகித ஆலையான டி.என்.பி.எல்.-ஐ இறக்கியிருக்கிறார்கள். நல்ல முயற்சி. தமிழக அரசு 2022-ல் அந்நியத் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கையும் வெளியிட்டது. ஆனால் மரத்தை விலைக்கு வாங்க ஆலை உண்டு. அது போன இடத்தில் உள்ளூர்ப் புல்லை வளர்த்து, கன்று களைந்து, ஐந்து ஆண்டுகள் காவல் இருப்பதற்கு வாங்குபவர் யாரும் இல்லை. அதை அரசுதான் செய்ய வேண்டும்.

கோடைக்கு முன் வெட்ட வேண்டிய தீத்தடுப்புக் கோடுகளும் இப்படித்தான். காட்டுத்தீயின் விலை நமக்குத் தெரியும்: 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். புலிகள் காப்பகங்களுக்கு வழக்கமான செலவை மத்திய அரசும் மாநில அரசும் 60:40 என்று பகிர்கின்றன. பணம் தவணையாக வருகிறது. தவணை மார்ச்சில் வந்தால், ஜனவரியில் வெட்டியிருக்க வேண்டிய கோடுகளை அதை வைத்து வெட்ட முடியாது. இந்த வேலைகளைக் கையால் செய்பவர்கள் பெரும்பாலும் பழங்குடியினரான வேட்டைத் தடுப்புக் காவலர்கள். ஆண்டுக்கணக்கில் தற்காலிகப் பணியில் இருப்பவர்கள். பொது நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் பணம் என்றால் முதலில் அவர்களுடைய சம்பளம். இயந்திரமும் கட்டடமும் அதற்குப் பிறகு.

■ கூடலூரிலிருந்து கிளம்பிய வழக்கு

இந்தியா முழுக்கக் காடுகளின் தலையெழுத்தை மாற்றிய வழக்கு நீலகிரி மாவட்டம் கூடலூர்க் காட்டில் நடந்த மரவெட்டு பற்றியது. டி.என்.கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான், சுரங்கத்துக்கும் அணைக்கும் சாலைக்கும் காட்டை எடுப்பவர்கள் இழப்பீடு கட்ட வேண்டும் என்ற ஏற்பாடு வலுப்பெற்றது. அந்தப் பணம் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. 2016-ல் சட்டம் வந்து, 90 சதவீதம் மாநிலங்களுக்கு என்று முடிவானது. 2019-ல் ரூ.47,000 கோடிக்கும் மேல் மாநிலங்களுக்குப் போனது. காடு அழிந்ததற்காக வந்த பணம் இது. இருக்கிற காட்டைப் பராமரிக்கும் ஆண்டுச் செலவுக்கு இதை மட்டும் நம்பினால், மேலும் காடு அழிந்தால்தான் மேலும் பணம் வரும்.

கவனிக்காத நிலம் காணாமல் போகும்

சென்னை தியாகராய நகர் ஒரு காலத்தில் மயிலாப்பூர் நெட்டேரியின் நிலம். வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரியில். திருநெல்வேலி புதிய பேருந்து நிலையம் வேய்ந்தான்குளத்தில். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே உலகனேரிக் கண்மாய்ப் பகுதியில்தான் எழுந்தது. ஏரி தூர்ந்து, முள் மண்டி, குப்பை சேர்ந்த பிறகுதான் அது ‘சும்மா கிடக்கிற இடம்’ ஆகிறது. அப்புறம் பட்டா கேட்பதும் கட்டடம் எழுப்புவதும் எளிது.

2001-ல் இஞ்ச்லால் திவாரி வழக்கிலும் 2011-ல் ஜக்பால் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் பொது நிலங்களையும் குளங்களையும் காக்கச் சொல்லித் தெளிவாகத் தீர்ப்பு அளித்தது. 2007-ல் தமிழ்நாட்டிலேயே ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் சட்டம் வந்தது. புல்டோசர் வரும்போது முதலில் இடிபடுவது கரையோரத்துக் குடிசை. சென்னையில் அதில் இருப்பவர்கள் நகரின் விளிம்பிலுள்ள பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பப்படுகிறார்கள். வேலையும் பள்ளிக்கூடமும் இருபது, முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் போய்விடுகின்றன. எல்லைக்கல் நட்டு, ஆண்டுக்கொரு முறை சர்வேயர் வந்து அளந்து, கரையில் ஆள் நடமாட்டம் இருந்திருந்தால் அந்தக் குடும்பங்கள் அங்கே வீடு கட்டி ஏமாந்திருக்க மாட்டார்கள். பராமரிப்புச் செலவை மிச்சம் பிடித்ததற்கான விலையைக் கட்டுகிறவர்கள் ஏழைகள்.

மந்தைவெளிகளின் கதி இன்னும் மோசம். ஏரிக்காவது பாசனக்காரர்கள் குரல் கொடுக்கிறார்கள். ஆடு மாடு மேய்ப்பவர்கள் பெரும்பாலும் நிலமற்றவர்கள். மேய்ச்சல் புறம்போக்கில் புதிய அலுவலகம் வந்தால் கேட்க ஆள் இல்லை.

நிவாரணத்துக்கு உண்டு, மராமத்துக்கு இல்லை

2023 தென்மாவட்ட வெள்ளத்துக்கு மட்டும் தமிழக அரசு மத்திய அரசிடம் கேட்ட தொகை ரூ.18,214 கோடி. கேட்டதில் மிகச் சிறு பகுதியே வந்தது. அந்த அநீதி தனிக் கட்டுரைக்குரியது. வீடு, சாலை, மின்கம்பம், பயிர் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. ஏரிகளைச் சரியாக வைத்திருந்தால் அத்தனையும் மிச்சமாகியிருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் அந்தத் தொகையைத் தமிழ்நாட்டின் 41,000 ஏரிகளுக்கும் பிரித்துப் பாருங்கள்: ஏரிக்கு 44 லட்ச ரூபாய். 2024-25 பட்ஜெட்டில் புனரமைப்புக்கு ஒதுக்கியது ஏரிக்கு 10 லட்சம், அதுவும் 5,000 ஏரிகளுக்கு.

அரசிடம் பணம் இல்லை, ஆயக்கட்டுதாரர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்ற வாதமும் உண்டு. குடிமராமத்தில் பத்து சதவீதப் பங்களிப்பு கேட்டார்கள். களை எடுக்கவும் மடை காக்கவும் ஊர் சேரலாம்; சேர வேண்டும். ஆனால் கண்மாயால் பயன்பெறுவது ஆயக்கட்டு மட்டும் இல்லை. ஊர்க் கிணற்றில் ஊற்று இருப்பதும், கால்நடை குடிப்பதும், கீழே இருக்கும் நகரம் மூழ்காமல் தப்புவதும் அதே கரையால்தான். கோரம்பள்ளம் குளம் உடைந்தபோது நனைந்தவர்களில் பெரும்பாலோருக்கு அங்கே ஒரு சென்ட் வயல்கூடக் கிடையாது. எல்லோருக்கும் பயன்படும் கரைக்கு எல்லோருடைய வரிப்பணமும் போவதுதான் முறை.

பணம் எவ்வளவு என்பதைப் போலவே எப்போது என்பதும் முக்கியம். ஏரி வற்றிக் கிடக்கும் சித்திரை, வைகாசிதான் வேலைக்கு ஏற்ற காலம். மார்ச்சில் பட்ஜெட், பிறகு மானியக் கோரிக்கை, அரசாணை, மதிப்பீடு, டெண்டர் என்று போய் வேலை உத்தரவு கைக்கு வரும்போது ஆவணி, புரட்டாசி ஆகிவிடுகிறது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை. புதிதாகக் கொட்டிய மண் இறுகும் முன்பே கரையில் தண்ணீர் முட்டுகிறது.

எனவே கேட்பது இவைதான். ஒவ்வொரு நீர்நிலைக்கும் காட்டுக்கும் திட்டப் பணத்திலிருந்து தனியாக, முந்தைய ஆண்டே உறுதி செய்த பராமரிப்பு ஒதுக்கீடு. மடையும் கரையும் பார்க்கும் லஸ்கர்களின் காலிப் பணியிடங்களில் ஆள். மீன்பாசிக் குத்தகையும் கரை மரங்களின் ஏலத் தொகையும் பொதுக் கணக்கில் கரையாமல் அதே கண்மாய்க்குத் திரும்பும் ஏற்பாடு. பேரிடர் நிதியில் ஐந்தில் ஒரு பங்கு தணிப்புப் பணிகளுக்கு என்று 15-வது நிதிக்குழு ஏற்கெனவே கதவு திறந்து வைத்தது. கரைகளையும் கலுங்குகளையும் அதில் சேர்க்கலாம்.

கிராமசபை மார்ச் 22, உலக தண்ணீர் தினத்தன்று கூடுகிறது. அந்தக் கூட்டத்தில் ஊர்க் கண்மாயின் கணக்கை வாசிக்க வேண்டும்: கரை எங்கே பலவீனம், எந்த மடை பழுது, போன ஆண்டு வந்த பணம் எவ்வளவு, எதற்குப் போனது. மே 1 கிராமசபைக்குள் அந்த ஆண்டின் பராமரிப்புப் பணம் ஊர்க் கணக்கில் இருக்க வேண்டும். ஆகஸ்ட் 15-க்குள் வேலை முடிந்திருக்க வேண்டும்.